நாக்குப் போடுகிற ஊர்

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தச்சர். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய பட்டறை. போன மாதம் சாத்தி வைத்திருந்த பலகைகள் சரிந்தபோது, பின்னால் நின்ற என் மனைவி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். அவர் திரும்பவே இல்லை. நல்ல வேளை, தோளில் உரசியதோடு போயிற்று.

"ரம்பச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்?" என்றார். ரம்பம் அப்போது ஓடவே இல்லை.

என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "உனக்குக் கேக்குற மாதிரி ஒரு மணி வாங்கி மாட்டுவோம். எதுவும் கேக்கலேன்னா பட்டறையப் பூட்டிடணும். சரியாண்ணே?"

"வாங்கு, வாங்கு. ஊசி விழுந்தாலே எனக்குக் கேக்கும்."

அப்படித்தான் மூவரும் கிளம்பினோம்.

முதலில் போனது மணி வார்க்கிற ஊர். தலைமுறை தலைமுறையாக அதுதான் அங்கே தொழில். தெரு நெடுக வாசலுக்கு வாசல் களிமண் அச்சுகள் காய்கின்றன. ஆனால் ஊரில் ஒரு மணிச் சத்தம்கூட இல்லை. எனக்கு அதுவே ஆச்சரியம். வார்ப்புக்காரர் எடுத்துக் கொடுத்த மணியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெறுமை, ஆடி அடிக்கிற நாக்கே இல்லை.

"நாக்கு எங்கங்க?"

"அது குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ல. நாங்க போட மாட்டோம்."

"ஏன், இதையும் சேத்தே செஞ்சா என்ன?"

அவர் சிரித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே? நான் வார்த்தது எனக்கு எப்பவும் நல்லாத்தான் கேக்கும். அதனால அந்தக் காலத்துலயே பிரிச்சு வச்சுட்டாங்க. கை எங்களுது, காது அவங்களுது. வழியில தட்டிப் பாத்துடாதீங்க."

தட்டாதே என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? மனைவி மணியைத் துணியில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "உங்களப் பத்தி எனக்குத் தெரியும்."

குன்றுப் பாதை முழுக்கக் கல் பாவியது. நடுவில் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. வழி நெடுகப் பாரம் இறக்கி வைக்கக் கற்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை. மணி கல்லில் மோதிச் சத்தம் போடக் கூடாதாம். மச்சான் குனிந்து ஒரு பலகையைத் தடவினார். "புதுப் பலகை, மாப்ள. இழைச்சு ஆறு மாசம்கூட இருக்காது." பிறகு வழியெல்லாம் மரத்தைப் பற்றியே பேசினார். பின்னால் வந்த தங்கை, "தண்ணி வேணுமாண்ணே?" என்றாள். அவர் தேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அவள் என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஊரில் நாக்குப் போடுகிற அம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கடைச் சுவர் முழுக்க விதவிதமான நாக்குகள் தொங்கின. மச்சானைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். "கேட்டா கையத் தூக்குங்கண்ணே."

மெல்லிய இரும்பு நாக்கு. டிங்! கை உயர்ந்தது. அடுத்ததற்கும் உயர்ந்தது. அதற்கடுத்ததற்கும்.

"பாத்தியா? நான் என்ன செவிடா?" என்று அங்கிருந்தே தங்கையைச் சீண்டினார்.

அந்த அம்மா மறுபடி ஆட்டினார். கை உயர்ந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா மச்சானுக்கு முன்னால் வந்து நின்றார். "இப்ப மணியே அடிக்கலண்ணே. நாக்கை விரலால புடிச்சுக்கிட்டுத்தான் ஆட்டினேன்."

எதிர்ச் சுவரில் எங்கள் எல்லோருடைய நிழலும் விழுந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"நிழல் தெரிஞ்சுது," என்றார் மச்சான் மெதுவாக. திரும்பித் தங்கையைப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். நீ பேசுறப்ப உன் வாயப் பாத்துத்தான் பதில் சொல்றேன். பூட்டிடு. சாவிய நீயே வச்சுக்கோ."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தவள் மாதிரியே இல்லை.

"அதுக்குள்ள என்ன பூட்டு?" என்று அதட்டினார் அந்த அம்மா. "இவ்வளவு நேரம் என் வேலையக் கெடுத்தீங்க. இப்ப ஒழுங்கா கண்ண மூடுங்க."

மெல்லிய நாக்கு. கை அசையவில்லை. தடித்த இரும்பு. அதற்கும் இல்லை. மர நாக்கு. விரல் லேசாக ஆடி நின்றுவிட்டது. கடைசியில் கனமான ஒரு நாக்கின் நுனியில் தோலைச் சுற்றிக் கட்டினார்.

தொம்.

தகர டப்பாவில் பூசணிக்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கை சட்டென்று மேலே போனது. அந்த அம்மா நாக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா ஆட்டினார். கை உயரவில்லை. விட்டு ஆட்டினார். உயர்ந்தது.

"இத வார்த்தவரு கேட்டா குன்று தாண்டி வந்து என்னை அடிப்பாரு. நல்ல மணிய இப்படிப் பேச வச்சுட்டேனே!"

"இங்க கேட்டா போதுமா?" என்றாள் என் மனைவி, அண்ணன் முகத்துக்கு நேரே வந்து. "வீட்டுலேருந்து பட்டறை தள்ளில்ல இருக்கு?"

மச்சான் எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. தெருமுனையில் வளைந்து மறைந்தும் போனார். இனிமேல் கை தூக்கினாலும் எங்களுக்குத் தெரியாது. என் மனைவி மணியை வாங்கி, ஒரு மூச்சு விட்டு, ஆட்டினாள்.

தெரு சும்மா கிடந்தது. இன்னொரு தடவை ஆட்டினாள்.

முனைக்கு அப்பாலிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது.

"வர்றேன், வர்றேன்! ஏன் இப்படிக் கத்துற?"