ஆயிரம் கிலோ மௌனம்

இனவிருத்திக்கு வைத்திருந்த பொலிபன்றி ஆயிரம் கிலோவைத் தாண்டிய நாளிலிருந்து பண்ணைத் தெருவில் நாய்கள் ஓசையில்லாமல் குரைத்தன. வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வால் விறைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குக்கர்கள் வெறும் ஆவியை விட்டன. கிசுகிசுப்புக்கு மேல் எழுந்த எதுவும் பாதி வழியில் காணாமல் போனது. அதே வாரம் தவிட்டு விலையும் ஏறியதால் தெரு இதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்த நினைத்தவர்களும் காதோடு காதாகத்தான் பெரிதுபடுத்த முடிந்தது.

இதற்கெல்லாம் காரணம் பண்ணையில் எந்தப் பன்றியோடு எந்தப் பன்றியைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மனிதர். பதினோரு வருடங்களாகப் பன்றியின் பின்தொடையைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவர் உற்றுப் பார்க்காததால், தெரு அவருக்குத் தொடைக்காரர் என்று பேர் வைத்திருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசுங்க என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. ஒவ்வொரு ஈற்றிலும் சதை திரண்ட குட்டிகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விற்பார். நிறுத்தியவற்றின் வாரிசுகளையே மறுபடி ஜோடி சேர்ப்பார். தொடைகள் பருத்துக்கொண்டே போயின. அந்த வம்சத்தில் சில, லாரியில் ஏற்றும்போது பலகை சரிந்த சத்தத்துக்கே விறைத்து, உடம்பு கொதித்து, பொத்தென்று விழுந்து செத்தன. பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘வெயில்’ என்று எழுதினார். அடைமழையில் செத்ததற்கும் வெயில்தான்.

செத்த பன்றிகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வக அம்மாள் ஒருநாள் பதிவேட்டோடு நேரில் வந்துவிட்டார்.

“சார், வெயில் மேல ஏன் பழி போடுறீங்க? சதையைத் திரட்டுறதும் பயத்துல சாகடிக்கிறதும் ஒரே மரபணுதான். அப்பன்கிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் வந்துட்டா உடம்பு மலையா வளரும், தட்டு விழுந்தா உயிர் போயிடும்.”

“அப்ப என்ன பண்றது?”

“இந்த வம்சத்தையே நிறுத்தணும்.”

தொடைக்காரர் வம்சத்தை நிறுத்தவில்லை, சத்தத்தை நிறுத்தினார். கதவுகளுக்கு ரப்பர் ஒட்டினார். வாளிகளுக்குச் சாக்கு சுற்றினார். தும்மல்காரக் காவலாளியை வேறு பண்ணைக்கு மாற்றினார். உள்ளதைச் சொன்னால் அவருமே பயந்தாங்கொள்ளிதான். பட்டாணி வெடித்தாலும் நெஞ்சைப் பிடிப்பார். அமைதி கூடக்கூட, அந்த வம்சத்தில் வந்த, முந்நூறில் நிற்க வேண்டிய பொலிபன்றி அறுநூறானது, எண்ணூறானது. கம்பளி சுற்றிய சுத்தியலால் கொட்டகைச் சுவரை இரண்டு முறை இடித்துக் கட்டினார்கள். ஆயிரம் ஆனபோது யாரும் யாரையும் அதட்டி அடக்கத் தேவையில்லாமல் ஓசைகள் தாமாகவே அடங்கின. அதன்பின் இரண்டு வருடம் தெருவில் ஒரு சண்டை இல்லை. காதோரம் வந்து திட்டினால் யாருக்குத்தான் ரோஷம் வரும்?

அந்த இரண்டாம் வருடம் அவர் மனைவி பிள்ளை உண்டானாள். அவர்கள் வீடு கொட்டகையோடு ஒட்டுச்சுவர்.

“பொறந்தா அழுமே, அப்ப என்ன பண்ணுவீங்க? அது வாய்க்கும் ரப்பர் ஒட்டுவீங்களா?” என்று அவள் கிசுகிசுத்தாள். அவர் ஜன்னல் வழியே பன்றியின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிவேளையில், தீவனம் போடும் நேரத்தில் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. வாயைத் திறந்தது. அழுகை வரவில்லை; அழுகையோடு வர வேண்டிய மூச்சும் வரவில்லை. பிரசவம் பார்க்க வந்த நர்ஸம்மா வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தையின் உதடு நீலமானது.

“அழுதாத்தான் மூச்சு வரும்யா! இந்தப் பாழாப்போன தெருவுல அழுகையும் வர மாட்டேங்குதே!” கத்தினால் கேட்காது என்பதால் அவள் கிசுகிசுப்பில்தான் கத்தினாள்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் ஓடினார்.

கொட்டகையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார், எதுவும் எழவில்லை. தகரத்தைக் கம்பியால் அடித்தார். ஓசை இல்லை, ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பன்றியின் தொடை லேசாகத் துடித்து, ஒரு விரற்கடை உப்பியது. பதினோரு வருடம் தொடையையே பார்த்த மனிதருக்கு இது போதும். சத்தமெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று புரிந்துவிட்டது.

எந்தப் பன்றியும் மேல்தாடையில் சுருக்குக் கயிறு விழுந்தால் வீறிடும். இந்தப் பன்றிக்கு மட்டும் குட்டியிலிருந்து அவர் சுருக்குப் போட்டதில்லை. போட விட்டதும் இல்லை. இப்போது கயிற்றை எடுத்தார்.

“மன்னிச்சுக்கடா” என்று சொல்லி இழுத்தார்.

பன்றி வீறிட்டது. அதற்குள்ளிருந்து இரண்டு வருடக் குரைப்புகள் வந்தன, குக்கர் விசில்கள் வந்தன, இடி வந்தது, எதிர்வீட்டுத் தம்பதி வாய்விட்டுத் திட்டிக்கொள்ள முடியாமல் போன அத்தனை வசவுகளும் வரிசை மாறாமல் வந்தன. தெருவின் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஓசை வெளியேற வெளியேறச் சதை வடிந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு, சுவருக்கு அப்பாலிருந்து நூல் போல ஒரு அழுகை வந்து, பிடித்துக்கொண்டு, பலத்தது.

பன்றி விறைத்து நடுங்கிற்று. அவர் அதன் கொதிக்கும் உடம்பில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். இது விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று அதைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பன்றி காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டது. பிறகு தலையைத் தாழ்த்தித் தவிட்டைத் தின்றது.

அன்று மாலை நாய்கள் பாக்கி வைக்காமல் குரைத்தன. எடைமேடையில் பன்றி இருநூற்று நாற்பது காட்டியது. முந்தைய எடை ஆயிரத்து ஐம்பத்திரண்டு. ‘காரணம்’ கட்டத்துக்கு வந்ததும் தொடைக்காரரின் கை பழக்கத்தில் ‘வெ’ என்று தொடங்கியது. அடித்துவிட்டு, ‘குழந்தை அழுதது’ என்று எழுதினார். மாதக் கடைசியில் மேலாளர் கழித்தலைச் சரிபார்த்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டு, சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன குழந்தை என்று கேட்டார்.