மதிப்புப் போட வந்த நாள்

பேங்கிலிருந்து வீட்டுக்கு மதிப்புப் போட வந்த அம்மா கதவைத் தட்டியதுமே டெல்பர்ட் ஓடிப்போய்த் திறந்தான். அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் வாரம் முழுக்க அடைமழை.

கூரை வேலைக்காரன் அவன். தாரிலும் ஆணியிலும் முட்டி தேய்ந்தவன். பெண்டாட்டியின் தம்பி ராஸ்கோ பேச்சைக் கேட்டு, குடியிருக்கும் வீட்டை ஒரு தனியாளிடம் அடமானம் வைத்து இந்த இரண்டாவது வீட்டை வாங்கினான். பழுது பார்த்து வாடகைக்கும் விட்டாயிற்று. இனி பேங்க் நல்ல மதிப்புப் போட்டு, அதில் முக்கால் பங்கைக் கடனாகக் கொடுத்தால் சொந்த வீட்டை மீட்கலாம். மதிப்பு விழுந்தால், மாசக் கடைசியில் அடமானக் கெடு முடிந்து பெண்டாட்டி பிள்ளையோடு தெருதான்.

"போட்ட காசு மொத்தமும் கைக்கு வந்துரும் மச்சான். அப்புறம் வர்ற வாடகை பூரா ஓசி!" என்று வாங்கும்போதே சொல்லியிருந்தான் ராஸ்கோ. "வரி, இன்சூரன்சு, ஆளில்லாம பூட்டிக் கெடக்குற மாசம், எல்லாம் கழிச்சுத்தான் சொல்றேன்."

எல்லாம் கழித்தான். நிலவறையின் பின்சுவரை மட்டும் இரண்டு பேரும் கழிக்கவில்லை. வெளிமண் நெருக்கி நெருக்கி, அது உள்பக்கமாக வயிறு தள்ளி நின்றது. நிமிர்த்தப் போனால் லாபத்தை அதுவே தின்றுவிடும். டெல்பர்ட் அதன் முன்னால் மரச்சட்டம் அடித்து, ஜிப்சம் பலகை போர்த்தி, வெள்ளை அடித்துவிட்டான்.

மேல் அறைகளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா நிலவறைக்கு இறங்கினாள். பின்னாலேயே இறங்கிய டெல்பர்ட் கடைசிப் படியில் நின்றுவிட்டான். அந்தச் சுவரை ஒட்டி ஒரு கட்டில். குடித்தனக்காரன் கிளெம் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்தான்.

"நைட் ஷிப்டு ஓனரே. மேல புள்ளைங்க கத்துதுங்க."

"இங்க யாருய்யா உன்னப் படுக்கச் சொன்னது?"

"இவ்ளோ சோக்கா பண்ணி வச்சா எவன் படுக்காம இருப்பான்?" திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த அம்மா சிரித்தபடி படம் எடுக்க ஆரம்பித்தாள். தலைமாட்டுப் பக்கம், பலகை இணைப்பில் மயிரிழை விரிசல். வேலை முடித்தபோது இல்லாதது. காமிரா திரும்புவதற்குள் டெல்பர்ட் போய் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான். சட்டை வழியே சில்லென்று ஈரம் ஏறியது. பலகைக்குப் பின்னால் கல்லோடு கல் அரைபட்டது, யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

"பின்னாடி என்ன இருக்கு?"

"செவுருதாம்மா."

"சுத்தமான வேலை. இந்த அறையையும் நல்லபடியா எழுதிடுறேன்."

அவள் படியேறினாள். சொந்த வீடு கைக்கு வந்துவிட்டது. அவள் கார் கிளம்பும்வரை அசையாமல் நின்றால் போதும். கிளெம் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். மறுபடி அரைபட்டது. பலகை டெல்பர்ட்டின் முதுகை மெல்ல நெட்டித் தள்ளியது. உயிருள்ளது தள்ளுவதுபோல.

"எந்திரிடா கிளெம்! எந்திரி!"

டெல்பர்ட் பாய்ந்து கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தான். கிளெம் கெட்ட வார்த்தையோடு உருண்டு விழுந்தான். பாதிப் படியில் அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். குனிந்து இழுத்தவனின் சட்டை முதுகெல்லாம் களிமண் தண்ணீர். பிறகு அவள் கண் சுவருக்குப் போனது.

"என்ன அது?"

"செவுரு வருதும்மா," என்றான் டெல்பர்ட், கட்டிலை விடாமல். "எழுதுறத அப்புறம் எழுதுங்க. மொதல்ல வெளிய போங்க."