முதல் ஐந்து அணிகளுக்கு எதிராக கொரேரா

எங்கள் கல்லூரி மைதானத்தின் தெற்கு கோலில் இடது கம்பமாக இருப்பவர் தேவபிச்சை. முன்பு கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். தரவரிசையில் மேலே உள்ள அணிகளை ஒருமுறைகூட வென்றதில்லை என்று நிரூபணமானதும் கம்பமாக நியமிக்கப்பட்டார். நல்ல கம்பம். இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

வலது கம்பம் காலி. அதில் இருந்தவர் சென்ற ஐப்பசி மழையில் ஓய்வு பெற்றார். குறுக்குக் கம்பத்தின் ஒரு முனை தேவபிச்சையின் தலையில் இருந்தது. மறுமுனையை வேப்பமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காற்றடித்தால் கோலின் உயரம் மாறும். பந்து வலது ஓரமாகப் போனால் அது கோலா இல்லையா என்று நடுவர் கோல் கீப்பரைக் கேட்பார். கோல் கீப்பர் மனசாட்சிப்படி பதில் சொல்வார். எங்கள் கோல் கீப்பர்கள் எல்லோரும் மெலிந்து போயிருந்தார்கள்.

வடக்கு கோலில் இரண்டும் வெறும் இரும்பு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை முதல்வர் என்னை அழைத்தார். அவர் அறைக் கதவிலிருந்து மேசைக்குப் போக ஏழு நிமிடம் ஆகும். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்ததிலிருந்து அந்த அறை வளர்ந்துகொண்டிருக்கிறது.

“மிஸ்டர் கோமதிநாயகம், வலது கம்பப் பணியிடம் பதினோரு மாசமா காலியா இருக்கு. கோச் கொரேராவோட சாதனையை மதிப்பிட ஒரு குழு போட்டிருக்கேன். உயர்மட்டக் குழு.”

“நான் தாவரவியல் சார்.”

“அதனாலதான். உங்களுக்கு ஃபுட்பால் தெரியாது. ஒருதலைப்பட்சமா இருக்க மாட்டீங்க.”

குழுவின் தலைவர் நான். உறுப்பினர் நான். செயலாளரும் நான்தான். கூட்டம் செல்லுபடியாக மூன்றில் இரண்டு பங்குப் பேர் வந்தாக வேண்டும் என்று ஆணையில் இருந்தது. முதல்வர் எனக்குச் சால்வை போர்த்தினார். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கல்லூரியில் அது ஒன்றுதான் இருக்கிறது.

“முதல் அஞ்சு இடத்துல இருக்கிற அணியை ஒரு தடவை ஜெயிச்சிருந்தாலும் கொரேரா கோச்சாவே இருக்கட்டும். இல்லைன்னா கம்பம். வெள்ளிக்கிழமை அறிக்கை வந்துடணும்.”

“ஜெயிச்சிருந்தா வலது கம்பத்துக்கு யார் சார்?”

“அதைக் குழு யோசிக்க வேண்டாம். பெயிண்ட் வாங்கியாச்சு.”

டப்பா மேசைமேல் இருந்தது. வெள்ளை.

மைதானத்தில் பெனடிக்ட் கொரேரா பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். ஐந்தடி நாலங்குலம். தொப்பை உண்டு. கம்பத்துக்கு உரிய தோற்றம் எதுவும் இல்லை.

“வாரும்வே,” என்றார். “நீருதான் எனக்கு ஜட்ஜாமே. செடிக்குப் பேரு வச்சிக்கிட்டிருந்த மனுசன்.”

“ஆணை வந்துட்டு கொரேரா. நான் என்ன செய்ய?”

“நான் ஒண்ணும் சொல்லலவே. ஒண்ணாம் நம்பர் டீம நாலு தடவ அடிச்சிருக்கேன். நாலு தடவ. பயலுவ அழுதுகிட்டுல்லா பஸ் ஏறுனானுவ. போயி பேப்பரப் பாரும்.”

“பிறகு என்ன பயம்?”

கொரேரா தெற்கு கோலைப் பார்த்தார். தேவபிச்சைமேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

“எனக்கு முதுகு அரிக்கும்வே,” என்றார் மெதுவாக. “அங்கன நின்னா யாரு சொறிவா?”

செவ்வாய்க்கிழமை தரவரிசை அலுவலகத்துக்குப் போனேன். ஐந்தாம் இடத்து அணியின் கோப்பு முதல் அறையில் இருக்கிறது. முதலிடத்துக் கோப்பு தாழ்வாரத்தின் கடைசியில். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடித்தேன். எதிரே திரும்பி வந்தவர்கள் தாடியோடு இருந்தார்கள். எல்லோரும் மரியாதையாக, “சாப்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசி அறையில் கண்காணிப்பாளர் சண்முகக்கனி இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“குழுவா சார்?”

“ஆமாம்மா.”

“எத்தனை பேரு?”

“ஒருத்தர்.”

“மத்தவங்களும் வரட்டும். உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. அரைமணி நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சா சார்?”

“வந்தாச்சு.”

கோப்பை எடுத்துக் கொடுத்தார். முதல் ஐந்து அணிகளுக்கு எதிராக கொரேரா. ஆட்டங்கள் இருபத்து மூன்று. தோல்வி இருபத்து மூன்று. வெற்றி என்ற கட்டத்தில் யாரோ டீ டம்ளரை வைத்த வட்டம் மட்டும் இருந்தது.

“ஒண்ணாம் நம்பர் டீமை நாலு தடவை ஜெயிச்சிருக்காரேம்மா.”

“எந்த ஒண்ணாம் நம்பர் சார்?”

“மேலக்கரை பொறியியல் கல்லூரி.”

சண்முகக்கனி வேறொரு பக்கத்தைத் திருப்பினார். “மேலக்கரை அன்னைக்கு நாப்பத்தோராவது இடம்.”

“காலையில ஒண்ணாவது இடத்துல இருந்தாங்களே?”

“காலையில இருந்தாங்க. சாயங்காலம் நம்ம காலேஜ்கிட்ட தோத்துட்டாங்கல்லா. நம்மகிட்ட தோக்குற டீம் ஒண்ணாம் நம்பர் டீமா சார்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

“அப்போ இந்த இருபத்து மூணு தோல்வி?”

“நம்மளை ஜெயிச்சா மேல ஏறிடுவாங்க. ஒரு பாலிடெக்னிக் டீமு. நாப்பதாவது இடத்துல கெடந்துச்சு. நம்மளை அடிச்சதும் மூணாவது இடம். இப்போ தலையில கிரீடம் வச்சிட்டு திரியுதானுவ.”

“மேலக்கரையை ஜெயிச்ச அன்னைக்கு நாமதானே ஒண்ணாம் நம்பர் ஆகியிருக்கணும்?”

“ஆனோம். ஆனா நம்ம கோச் நம்மளை ஜெயிக்கலையே சார்.”

நான் கோப்பை மூடினேன். சண்முகக்கனிக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். தன் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் கொரேரா சாரிடம் ஆடியவர்தான் என்றார்.

“ஒரு வழி இருக்கு. கடைசி விசில் ஊதுனாதான் நாங்க இடத்தை மாத்துவோம். அதுவரைக்கும் ஒண்ணாம் நம்பர் ஒண்ணாம் நம்பர்தான். கொரேரா சார் ஜெயிச்சிட்டிருக்கும்போதே, விசிலுக்கு முன்னால நீங்க அறிக்கையில கையெழுத்துப் போட்டுருங்க. செல்லும்.”

“ரெஃப்ரி அவசரப்பட்டு ஊதிட்டா?”

“ஆட்டத்தைக் குழு பாத்துட்டிருந்தா, குழு வாய் திறந்து சொல்லாம ஊதக் கூடாது. சுற்றறிக்கை இருக்கு.”

வியாழக்கிழமை எங்களோடு ஆட மேலக்கரை வந்தது. அவர்களை மீண்டும் முதலிடத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். அணிக்கு முன்னால் பேண்டு வாத்தியம். அதற்கு முன்னால் அவர்கள் படமே போட்ட பேனர். பேனரில் அவர்கள் இன்னும் உயரமாக இருந்தார்கள்.

சிறப்பு விருந்தினருக்கு வீரர்களை அறிமுகம் செய்துவைத்தோம். அவர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார். பந்துக்கும் கைகொடுத்தார். தேவபிச்சையைத் தட்டிப் பார்த்து, “நல்ல தேக்கு,” என்றார். பிறகு வரவேற்புரை. முதல் பாதி முழுக்க வரவேற்புரையில் போனது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் கோல் கணக்கு பூஜ்யத்துக்குப் பூஜ்யம். முதல்வர் இன்னும் ‘அவர்களே’ வரிசையில்தான் இருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்குமுன் மேலக்கரை ஆட்சேபம் எழுப்பியது. முதலிடத்தில் உள்ள அணி ஒற்றைக் கம்பம் உள்ள கோலில் பந்தடிப்பது அதன் தகுதிக்கு இழுக்கு என்றார்கள். ஆட மாட்டோம் என்றார்கள்.

முதல்வர் நெற்றியைத் துடைத்தார். சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மிஸ்டர் கோமதிநாயகம். வலது கம்பத்தைக் கூடுதல் பொறுப்பா நீங்க பாத்துக்குங்க. ரெகுலர் ஆள் வர்ற வரைக்கும்தான்.”

கூடுதல் பொறுப்பை மறுக்கும் வழக்கம் எங்கள் கல்லூரியில் இல்லை. நான் ஏற்கெனவே நூலகத்தையும் மகளிர் விடுதித் தண்ணீர்த் தொட்டியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறேன். ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஏறி நின்றேன். கயிற்றை அவிழ்த்துக் குறுக்குக் கம்பத்தை என் தலையில் வைத்தார்கள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கனமாக இருந்தது. அறிக்கை என் சட்டைப்பையில் இருந்தது. பேனாவும்.

ஆட்டம் தொடங்கியது. அறுபத்தேழாவது நிமிடத்தில் எங்கள் பையன் பிரகாசியான் வடக்கு கோலில் தலையால் முட்டி ஒன்று போட்டான். வெறும் இரும்புக் கம்பங்கள் சும்மா இருந்தன. ஒன்றுக்குப் பூஜ்யம்.

கொரேரா மைதானத்தின் ஓரமாகவே ஓடி என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

“போடும்வே கையெழுத்த. இப்பமே போடும்.”

“கைய எடுத்தா குறுக்குக் கம்பம் விழுந்துரும்.”

“விழுந்தா?”

“ஆட்டம் ரத்து. ரத்தான ஆட்டத்துல யாரும் ஜெயிச்சதா ஆகாது.”

“பேனாவ வாயில வச்சிக் கிறுக்கும்வே.”

“வாய்க் கையெழுத்து செல்லாது,” என்றார் முதல்வர். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் பெயிண்ட் டப்பா இருந்தது.

கொரேரா என் கைகளைப் பார்த்தார். பிறகு கைகளைத் தூக்கினார்.

“சரி. நான் பிடிச்சிக்கிடுதேன். நீரு எறங்கும். ஒரு கையெழுத்துத்தான, போட்டுட்டு ஏறிக்கிடும்.”

முதல்வர் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். பிரஷ்ஷைத் தேடினார்.

கொரேராவின் உள்ளங்கைகள் என் கைகளுக்கு ஒரு சாண் கீழே இருந்தன. அவருக்கு எட்டவில்லை. எம்பினார். அவர் பிடித்துவிட்டால் கம்பமாகப் பொறுப்பேற்றதாகிவிடும். எனக்குக் கை வலித்தது. தோள் வலித்தது. ஆமாம், இறங்கலாம் என்றுதான் தோன்றியது.

“வேண்டாம்,” என்றேன். “நீரு போயி ஆட்டத்தப் பாரும்.”

“ஏம்வே?”

“போங்கன்னா போங்க.”

அவர் போனார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தொண்ணூறாவது நிமிடத்தில் நடுவர் இன்னாசிமுத்து ஓடிவந்தார். “சார், டைம் முடிஞ்சிட்டு. குழு சொன்னா ஊதிருவேன்.”

“ஊதாதீங்க.”

“சரி சார்.”

நூறாவது நிமிடத்திலும் கேட்டார். நூற்று நாற்பதிலும் கேட்டார். சிறப்பு விருந்தினர், தாமே வென்றது போல உணர்வதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பேண்டு வாத்தியக்காரர்கள் பேனரை விரித்துப் படுத்தார்கள். வெயில் ஐந்தரை மணியிலேயே நின்றுவிட்டது. ஆட்டம் முடியாததால் வெள்ளிக்கிழமை வரவில்லை. முதல்வர் நாட்காட்டியை வரவழைத்துப் பார்த்தார். வியாழன்தான் இருந்தது. அதன் கீழே இன்னொரு வியாழன்.

வீரர்களின் வீடுகளிலிருந்து தூக்குவாளிகளில் சோறு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். பிரகாசியானுக்கு மீசை முளைத்தது. நான் நின்றிருந்த ஸ்டூல் கொடிக்கம்பத்தருகே கிடந்தது. அதில் பேண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். என் கால்கள் தரையில்தான் இருந்தன.

அப்போது மேலக்கரையின் எட்டாம் நம்பர் ஆட்டக்காரன் நடுமைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுவந்தான். இரண்டு பேரை ஏமாற்றினான். மூன்றாவது ஆள் தூக்குவாளியோடு இருந்தான். எங்கள் கோல் கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் வந்தது. எனக்கு அரையடி உள்ளே வந்துகொண்டிருந்தது. போனால் ஒன்றுக்கு ஒன்று. சமன் என்பது வெற்றி அல்ல. கொரேரா தலையில் கைவைத்தார்.

கம்பம் நகரலாமா என்று விதிகளில் எதுவும் இல்லை. நான் அரையடி நகர்ந்தேன்.

பந்து விலாவில் பட்டது. ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பி மைதானத்தின் நடுவுக்கே போனது.

“கம்பம்! கம்பம்!” என்று பையன்கள் கத்தினார்கள். மேலக்கரைக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கம்பம் அசைந்ததைப் பார்த்தீர்களா என்று நடுவர் எங்கள் கோல் கீப்பரைக் கேட்டார். கோல் கீப்பர் நெடுநேரம் தரையைப் பார்த்தார்.

“நான் அந்தப் பக்கம் பாத்திட்டிருந்தேன் சார்,” என்றார். ஒரு சுற்றுப் பருத்ததுபோல் இருந்தார்.

“முதல்ல கொஞ்சம் வலிக்கும் தம்பி,” என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிடணும்.”

தேவபிச்சை. இத்தனை ஆண்டுகளில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“சரி சார்,” என்றேன்.

முதல்வர் பிரஷ்ஷைக் கண்டுபிடித்துவிட்டார். என் பாதத்திலிருந்து தொடங்கினார். குளிர்ச்சியாக இருந்தது. இன்னாசிமுத்து மீண்டும் ஓடிவந்தார். விசில் வாயில் தயாராக இருந்தது.

“சார், இப்ப ஊதட்டுமா?”

“ஊதலாம்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“சொல்லாத,” என்றார் தேவபிச்சை.

இன்னாசிமுத்து காதைக் கிட்டே கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு விசிலைக் கடித்தபடி, குழுவின் பதிலுக்காக, அங்கேயே நின்றார்.

தூரத்தில் கொரேரா கைதட்டினார்.

“ஏல, என்னத்தல பாக்கிய? ஆடுங்கல. எம்புட்டு நேரம் கெடக்கு!”