எரியாத கடை

மணப்பாறையில் தன் முறுக்குக் கடை எரிந்துபோன செய்தி மூக்கனுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சொன்னவர், மகள் கல்யாணச் சீருக்கு முறுக்கு சொல்லியிருந்த தொட்டியம் வாழைக்காய் வியாபாரி நல்லுசாமி.

"ஏப்பா மூக்கா, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல உன் படம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. 'என் கடை எரிந்தது, இன்சூரன்ஸ் காத்தது'ன்னு பெரிய போர்டு. இங்க அடுப்பு நல்லாத்தானே எரியுது?"

"ஐயா, சும்மா போட்டோ எடுத்துத் தர்றேன்னு ஏஜெண்ட் ஜெகபர் அலி கூட்டிட்டுப் போனாரு..."

"எரியாத கடைக்குப் பணம் வாங்குறவன் நல்ல எண்ணெய்லயா சுடுவான்? அதைச் சரிபண்ணு. அப்புறம்தான் சீர் முறுக்கு."

மூக்கன் அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குப் போனான். இன்சூரன்ஸ் ஆபீஸில் ஸ்ரீரங்கத்துக்கார மேனேஜர் மேஜைக்குப் பின்னால் உற்சவர் மாதிரி எழுந்தருளியிருந்தார்.

"நல்ல சமயத்தில் வந்தீர். விளம்பரத்தில் அசத்தியம் கூடாதென்று புது விதி வந்திருக்கிறது. சத்தியமே நமது மூலதனம்!"

"அப்ப போர்டை இறக்கிடுங்க சாமி."

"வருஷ வாடகை கட்டியாயிற்று. இறக்குவதற்கில்லை. சத்தியமாக்கலாம். நீர் ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளும்."

"எடுத்துட்டு, கடையைக் கொளுத்தணுமா?"

மேனேஜர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஓரமாக நின்ற ஜெகபர் அலி, "முழுசா வேணாம் அண்ணே, முன்னாடி கீத்துப் பந்தல் மட்டும்..." என்று இழுத்தார்.

மூக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பொய் சொன்னது இவர்கள். நெருப்பு மட்டும் தன் வீட்டிலிருந்து வரவேண்டுமா?

கடைசியில் திருத்தம் போடுவதென்று தீர்மானமாயிற்று. நல்லுசாமியையே சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மூக்கன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். படத்துக்குக் கீழே பெயிண்ட் இன்னும் காயவில்லை:

'விதிப்படி அறிவிப்பு: மேலே உள்ளவர் எங்களிடம் பாலிசி எடுத்தவரல்ல. இவர் கூறுவது உண்மையன்று.'

"நான் எங்கங்க கூறினேன்?" என்றான் மூக்கன்.

நல்லுசாமி சத்தம் போட்டு இரண்டாம் முறை படித்தார். நின்றிருந்த நாலு பேர் போர்டையும் மூக்கனையும் ஒத்துப் பார்த்தார்கள்.

"கம்பெனிக்காரனே எழுதிட்டானேப்பா! அதுவும் விதிப்படி!"

"ஐயா, சீர் முறுக்கு..."

"அதிரசமே வச்சுக்கிறோம்," என்று நல்லுசாமி தொட்டியம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.