இறக்கத்தில் ஓடிய தூரம்

பௌஸி நானாவுக்கு நான் கொடுக்க வேண்டியது முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். என் மனைவி செலீனின் கண் ஒப்பரேஷனுக்கு வாங்கியது. ஓட்டுவதும் அவருடைய ஓட்டோதான். புது வண்டி. தனிப் பெற்றோலிலும் ஓடும், எதனோல் கலந்த எண்ணெயிலும் ஓடும். கலந்தது லீற்றருக்கு அறுபது ரூபாய் குறைவு.

"ஒரு மாசம் பெற்றோல், ஒரு மாசம் கலவ. எவ்வளவு ஓடுதுண்டு கொப்பில எழுதி வை, றெஜி. கலவ லாபமா ஈந்தா இன்னும் ரெண்டு வண்டி எடுப்பன். ஒன்ட கடனையும் வெட்டி விடுறன்" என்றார் நானா.

நாற்பத்திரண்டு வயதில், கொச்சிக்கடைக் கோயில் மாலை வகுப்பில் எழுதப் பழகியவன் நான். என் எழுத்தை நம்பி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கோடு போட்டு ஆறுதலாக எழுதினேன். பெற்றோலில் லீற்றருக்கு இருபத்து நாலு கிலோமீற்றர். கலவையில் இருபத்து மூன்று. நானா கொப்பியைப் பார்த்துவிட்டு இரண்டு பிளேன்ரீ சொன்னார். அந்த இரண்டு வண்டிக்கும் தன் மனைவியின் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்துக் காசெடுக்க, திங்கட்கிழமை வங்கிக்குப் போவதாக இருந்தார்.

ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து வெறும் வண்டியாக இறங்கும்போது என் கை தன்பாட்டில் எஞ்சினை நிறுத்தியது. அப்போதுதான் விளங்கியது. பெற்றோல் ஷெட் சந்திக்குச் சந்தி இருக்கிறது. கலவை, கிராண்ட்பாஸுக்கு அப்பால் ஒரே ஓர் இடத்தில். நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அந்த மாசம் முழுக்க ஒவ்வோர் இறக்கத்திலும் எஞ்சினை நிறுத்தி உருட்டியிருக்கிறேன். உடனே டாங்கில் கிடந்த கலவையை வடித்து, அதில் ஒரு லீற்றரை மட்டும் அளந்து ஊற்றி, எஞ்சினை நிறுத்தாமல் ஓடிப் பார்த்தேன். பதினெட்டோடு நின்றது. அரை மைல் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து செலீனிடம் சொன்னேன்.

"நானா இதக் கேட்டவரே?" என்றாள் செலீன்.

"இல்ல."

"அப்ப நீங்கள் ஏன் வாயத் திறக்கிறீங்கள்?" ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவினாள். "உறுதி அந்த மனுசியின்ட பேரில தானே?"

"ஓம்."

அவள் உருவிய இலையைச் சட்டியில் போட்டாள்.

திங்கள் காலை நானா அயர்ன் பண்ணிய சேட்டோடு, கக்கத்தில் பைலோடு நின்றார். சொன்னேன். போனில் தட்டிக் கணக்குப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார்.

"பதினெட்டுண்டா பெற்றோல விட நட்டம்."

"ஓம் நானா."

"ஒரு மாசமா என்ட வண்டில சறுக்கு வெளயாடி ஈக்கிறாய்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"பெற்றோல் மட்டும் அடிச்சா இந்த வண்டிட லீசிங் காசே கட்டேலா. கொம்பனிக்குத் திருப்பிக் குடுக்கத்தான் வேணும்." பைலுக்குள்ளிருந்து கடன் துண்டை எடுத்தார். சுவரில் வைத்து, என் பெயர் மேல் பேனையால் கோடிழுத்தார். "ஊட்டுறுதி தப்பிச்சி. ஒன்ட கடனும் முடிஞ்சி. சாவியத் தா."

ஓட்டோச் சாவி வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடந்தது. வளையம் இறுக்கம். நகம் வழுக்கியது. நானா கையை நீட்டியபடியே, றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.