பால் டின் படாத மூலை

"நிப்பாட்டச் சொல்லுங்க!"

இருளாயி கத்தினாள். கை மட்டும் நிற்கவில்லை. வேலியோர மூலையில் மண்டியிட்டு, வெறும் விரலால் மண்ணைக் கிளறிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பதடி தூரத்தில் புல்டோசர் உறுமியது.

அவள் புருஷன் பிச்சைமுத்து ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். ஓட்டுநர் அர்ச்சுனன் எட்டிப்பார்த்தான்.

"அண்ணே, நிலம் வேணாம்னு நேத்து நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? பத்து நிமிஷம்தான் லா. அதுக்கு மேல வேலை வாங்குற மண்டோர் என் தோலை உரிச்சிடுவாரு."

போடாமல் பிச்சைமுத்து என்ன செய்வான்? மிளகாய் விளைந்த மண்ணைக் கொன்றவனே அவன்தான். ரப்பருக்கு உரம் போட்டுப் பழகிய கை. மரத்துக்கு ஒரு காலிப் பால் டின் அளவு. எஸ்டேட்டைத் துண்டுபோட்டு விற்றபின், ஈப்போவுக்கு வெளியே இந்த நிலத்தை வாடகைக்கு எடுத்தபோதும் அதே டின்தான், செடிக்கு ஒன்று. சருகு கிடந்தால் கங்காணி ஏசுவார் என்ற பயத்திலேயே வளர்ந்தவன், ஏச ஆளில்லாத இடத்திலும் கூட்டி எரித்தான். இரண்டு வருஷம் கொத்துக்கொத்தாய்க் காய்த்தது. அப்புறம் டின்னைக் கூட்டக் கூட்டக் காய்ப்பு குறைந்தது. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் சிமெண்டுத் தரைபோல் வழிந்தோடியது.

போன மாதம் விவசாய இலாகா ஆள் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கணும்யா. மக்குன இலைதழைதான் அதுங்களுக்குச் சோறு. அத எரிச்சிட்டு உர உப்பை மட்டும் கொட்டியிருக்கீங்க. மண்ணு புளிச்சுப்போச்சு."

இந்த மூலைக்கு மட்டும் இருளாயி டின்னை விட்டதில்லை. வாழைச் சருகு போட்டு மூடியே வைத்திருப்பாள்.

"உங்கப்பன் புதையலா?" என்பான் அவன்.

"கிட்ட போனீங்க, ராத்திரிக்குச் சோறு கிடையாது."

புதையலாவது ஒன்றாவது. அவர்களுக்கென்று இருந்த ஒன்பது நாள் மகளும் ஏழு வருஷம் முன்பே போய்விட்டாள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் பழைய எஸ்டேட் இடுகாட்டுக்குச் சைக்கிளில் போய், இருளாயி அடையாளம் சொன்ன இடத்தில் பால் ஊற்றிவிட்டு வருவான். இருளாயி ஒருதரம்கூட வந்ததில்லை.

அவன் குனிந்து பார்த்தான். மண் கறுப்பாய், பொலபொலவென்று, புழு நெளியக் கிடந்தது.

"அப்படி என்னத்தடி தேடுற?"

"ஒண்ணுமே மிச்சமில்லைங்க. சுத்துன துணியோட நுனிகூட இல்ல. மண்ணு எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு."

"எந்தத் துணி?"

எஞ்சின் மறுபடி உறுமியது. அவள் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க பாகான் டத்தோவுக்குத் தேங்கா வெட்டப் போயிருந்தீங்க. எஸ்டேட்ட விட்டுப் போனவங்களுக்கு இடுகாட்டுல இடமில்லன்னு புது மொதலாளியோட கணக்கெழுதுற கிராணி விரட்டிட்டாரு. சொன்னா இந்த நிலத்துல மண்வெட்டியே வைக்க மாட்டீங்க, அப்புறம் எதைத் திங்கிறதுன்னுதான் மறைச்சேன். நீங்க பால் ஊத்துற எடத்துல யாருமே இல்லைங்க. நம்ம மக இங்கதான் இருக்கா."