அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து

எங்கள் குடும்ப வரலாற்றை நான் எழுதினேன். அதை அச்சுக்குக் கோத்துத் தரும் வேலையை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். அவருடைய தொழிலே அதுதான். முதல் அச்சுப்படி கைக்கு வந்ததும் திடுக்கிட்டேன். புத்தகம் முழுவதும் என் தம்பியின் எழுத்து. கையெழுத்து அல்ல, கணினிக்காக அவன் வரைந்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த எழுத்துரு.

அப்பாவுக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்னவன் தம்பி. அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அன்றே அப்பா சொல்லிவிட்டார். அப்பா போன பிறகும் அந்த வார்த்தையை நான் காத்துவந்தேன். தம்பி எங்கோ இறந்தபோதும் போகவில்லை. வம்சப் பட்டியலில் அவனைச் சேர்க்கவில்லை.

"வேற எழுத்து போடுங்க, மாப்பிள்ளை."

"அதுக்கென்ன மாமா, ஆயிரம் இருக்கு."

புது எழுத்துருவைக் கணினியில் நிறுவியும் கோக்கும் நிரல் அதைக் கண்டுகொள்ளவில்லை. கேட்டது கிடைக்காமல் பழையதையே எடுத்துப் போட்டது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்கு நம்ம வீட்டுச் சண்டை தெரியாதுப்பா."

நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்ததும் எல்லாப் பக்கங்களும் மாறின.

அப்பாவின் பெயர் மட்டும் முழுதாக மாறவில்லை. அதன் முதலெழுத்து ஜ. புது எழுத்துரு தனித்தமிழுக்கென்றே செய்தது, அதில் ஜ போன்ற வடவெழுத்துகள் கிடையாது. நூல் முழுக்க அந்த எழுத்து வராமல் எழுதியவன் நான். அப்பாவின் பெயரைத் திருத்த எனக்கு ஏது உரிமை? இல்லாத எழுத்தை நிரல் வேறு எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவரும் என்றார் மாப்பிள்ளை. கொண்டுவந்தது தம்பியின் ஜ. வால் தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது.

"அந்த ஃபான்ட்டையே அழிச்சிடுங்க."

அழித்தார். நிரல் சேமித்துவைத்திருந்த நகல்களையும் துடைத்தார். கணினியை அணைத்து மறுபடி போட்டார். அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் வேறு எழுத்துருவைக் குறிப்பிட்டார். அப்போதும் அதே வால். எந்த எழுத்து எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று நிரல் குறித்துவைக்குமாம். திறந்து பார்த்தார். அந்த எழுத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இது எங்கேருந்து வருதுன்னே தெரியல மாமா."

பட்டப்பகல். வெயில் மேசைவரை வந்திருந்தது. நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஒருவன் உழைப்பை வாங்கிக்கொண்டு அவன் பெயரை மறைப்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல. அப்பாவின் பெயரே அவன் கையால் நிற்கிறது என்றால், மறைப்பதுதான் குடும்பத்துக்கு இழுக்கு.

"வம்சப் பட்டியலைத் திறங்க. எனக்கு அடுத்து ஒரு பேர் விட்டுப்போச்சு."

அந்தப் பெயரைச் சொன்னேன். பழகாத நாக்கு புரளவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பட்டியலில் அடித்துச் சேர்த்தார்.

பக்கம் வந்தது. தம்பியின் பெயர் மற்றவர்கள் பெயரைப் போலவே புது எழுத்தில் நின்றது. அப்பாவின் பெயர் தொடங்கும் இடத்தில் ஜ இல்லை, வெறும் கட்டம். மாப்பிள்ளை புரட்டப் புரட்ட, பக்கத்துக்குப் பக்கம் கட்டம்.

"எந்த ஃபான்ட்டைக் குடுத்தாலும் கட்டந்தான் மாமா. இப்போ சேர்த்த பேரை எடுத்துப் பார்க்கட்டுமா? எழுத்து திரும்ப வந்தாலும் வரும்."

"எடுக்காதீங்க. கூப்பிடாதப்ப வந்து நிப்பான், கூப்பிட்டா போயிடுவான். சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்."

"அப்போ தாத்தா பேரு?" என்றாள் மகள்.

"கட்டத்தோடயே அச்சுக்கு அனுப்புங்க."